இரு முகமும் மட்டமாக

மானிப்பாய், ஆனைக்கோட்டை, சண்டிலிப்பாய்ப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு மோட்டார் சைக்கிள் வேலை பிந்தித்தான் வந்து சேர்ந்தது. தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மெசினும், லான்ட்மாஸ்டரும், கரையோரத்து வள்ளங்களின் சாப்டும்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. அந்த வேலைகளோடு ஒப்பிட்டால், மோட்டார் சைக்கிளின் பிரேமுக்கும் சாமான் பெட்டி பூட்டும் கரியருக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் மிகச் சின்ன வேலை. நடுவில் துளை விட்ட ஓர் உருளை, அவ்வளவுதான். “அண்ணை, இதிலை ஓரங்குல இடைவெளி வருகுது, ஒரு பைப் துண்டு வெட்டித் தாங்கோ” என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள். இடைவெளியை அடைக்க ஏதாவது ஒரு துண்டு போதும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பல பத்தாண்டுகளாக இந்த வேலையில் கை வைத்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதற்கு நேர்மாறானது. பெட்டியின் பாரம் முழுவதும் பிரேமுக்குப் போய்ச் சேரும் வழி அந்தத் துண்டுதான். பெட்டி கழன்று விழுவதும், கரியர் கால் முறிவதும், போல்ட் தலை தெறிப்பதும் நடக்கும்போது றோட்டையும் கிடங்கையும் பெட்டியையும் குறை சொல்கிறோம். பிழை பெரும்பாலும் அந்தத் துண்டின் நீளத்திலோ, அதன் இரண்டு முகங்களிலோ, அதற்கு எடுத்த உலோகத்திலோ இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்ச் சைக்கிள் கரியரிலிருந்து தொடங்குவது நல்லது. 1990இல் போர் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின், எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். விறகு, நெல் மூட்டை, தண்ணீர்க் கலன், நோயாளி எல்லாமே கரியரில்தான் போயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஒரு வீட்டுச் சாமானை ஒரு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஆயிரமாயிரம். அந்தக் கரியர்கள் தாங்கியதற்குக் காரணம் இரும்பின் தடிப்பு மட்டுமில்லை. சைக்கிள் கரியரின் இரண்டு கால்களும் நேரே பின்சில்லின் அச்சில் வந்து நிற்கின்றன. மேலே வைத்த பாரம் கால் வழியாக இறங்கி அச்சுக்கும், அச்சிலிருந்து சில்லுக்கும், சில்லிலிருந்து நிலத்துக்கும் போகிறது. வழியில் தொங்கலும் இல்லை, வளைவும் இல்லை. பாரம் போகும் வழி நேராக இருந்தால் மெல்லிய கம்பியும் பெரிய சுமையைத் தாங்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளில் இந்த வசதி கிடையாது. பின்சில்லு ஷொக் அப்சோபரில் மேலும் கீழும் ஆடுவதால் கரியரை அச்சில் நிறுத்த முடியாது. பிரேமில்தான் தொங்கவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்த வண்டிகளும் எங்கள் றோட்டுகளில் ஓடின. ஜப்பானியத் தபால்காரருக்கென்று ஹொண்டா கட்டிய எம்.டி. 90 வடக்கில் நீண்டகாலம் பேர்போன வண்டி. தபால் பெட்டி வைப்பதற்கென்றே அதற்குப் பெரிய பின்கரியர். பாரத்தை முதலில் நினைத்து, அதற்கேற்ப வண்டியைக் கட்டிய வேலை அது. அந்த வண்டியில் ஸ்பேசர் தேடி யாரும் பட்டறைக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் நிலைமை மாறியது. இந்திய வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றின் பின்பாகம் இரண்டு பேர் இருந்து போவதற்குக் கட்டியது, பக்கத்துக்கொரு பெட்டி தொங்கவிடக் கட்டியதல்ல. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1990 ஜூனில் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில்தான். இடையில் 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடி, போர் முடிந்தபின் திறந்தது. திறந்திருந்த காலங்களில் மோட்டார் சைக்கிளில் சாமானோடு தூரப் பயணம் போவது பலருக்குத் தேவையாகவும், பிறகு இளம் பிள்ளைகளுக்கு விருப்பமாகவும் ஆனது. பெட்டி பூட்ட வழியில்லாத வண்டியில் பெட்டி பூட்டும் வேலை அப்படித்தான் எங்கள் மேசைக்கு வந்தது.

ஸ்பேசர் ஏன் தேவைப்படுகிறது என்பதில் விவாதமில்லை. சைலன்சர் வெளியே தள்ளி நிற்கிறது, சிக்னல் லைற் மறைகிறது, பின்னால் இருப்பவரின் கால் முட்டுகிறது, மட்காட்டின் வளைவு கரியரைப் படியவிடுவதில்லை. எவ்வளவு நீளம் என்பதில்தான் எனக்கும் கேட்டு வருகிறவர்களுக்கும் கருத்து வேறுபாடு. “தாராளமா விடுங்கோ, ஒண்டும் முட்டக்கூடாது” என்பது அவர்கள் பக்கம். கணக்கைப் பாருங்கள். பக்கப் பெட்டியில் 10 கிலோ சாமான் இருக்கிறது. பேர்பெற்ற பெட்டிகளிலேயே பெரும்பாலானவற்றுக்கு எழுதியிருக்கும் எல்லை அவ்வளவுதான். கிடங்கில் விழுந்து எழும்பும்போது அது மும்மடங்காக இழுக்கிறது என்று கொண்டால் 30 கிலோ. பெட்டியின் நடு, பிரேமிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் திருப்பு விசை 450 கிலோ-சென்ரிமீற்றர். 5 சென்ரிமீற்றர் ஸ்பேசர் வைத்துப் பெட்டியை இன்னும் தள்ளினால் அது 600. சாமான் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, பிரேம் தாங்கவேண்டிய முறுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஆகவே நல்ல ஸ்பேசர் என்பது போதுமான அளவில் ஆகக் குட்டையான ஸ்பேசர். அதன் நீளம் அதன் வெளிவிட்டத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுமென்றால் அந்த இடத்தில் ஸ்பேசரே வைக்கக்கூடாது என்பது என் தீர்ப்பு. அங்கே தட்டை இரும்பில் ஒரு பிராக்கெற் செய்து, கீழே இன்னொரு இடத்தில் ஒரு தாங்குகால் கொடுக்க வேண்டும். வேலை கூடும், காசும் கூடும், ஆனால் பாரம் நேர்வழியில் போகும்.

இதோடு சேர்ந்தது இடம், வலம் பற்றிய பிடிவாதம். எங்கள் வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம். வலப்பெட்டிக்கு நீளமான ஸ்பேசர் வேண்டியே இருக்கிறது. இடப்பெட்டியை அதற்குச் சமமாக வெளியே தள்ளினால்தான் பின்னால் நின்று பார்க்க வடிவாக இருக்கும் என்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. தேவையில்லாத பக்கத்தில் நெம்புதூரத்தைக் கூட்டுவது வீண். இடப்பெட்டியை ஒட்டிப் பூட்டிவிட்டு, பாரமான சாமானை அதற்குள்ளும் உடுப்பு, துவாய் போன்றவற்றை வலப்பெட்டிக்குள்ளும் வைத்தால் வண்டி தானாகச் சமநிலைக்கு வரும். தூரம் கூடிய பக்கத்தில் எடை குறையட்டும். அழகு பார்ப்பவரின் கண் பழகிவிடும், பிரேம் குழாய் பழகாது.

இனி முகம். என் பேச்சில் பாதி இதைப் பற்றியதுதான். ஜி.ஐ. பைப்பை இரும்பு வாளால் அறுத்து, அரத்தால் இரண்டு இழுவை இழுத்துக் கொடுக்கும் துண்டைக் கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரியும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் கீற்றாக ஒளி தெரியும். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள துண்டின் முகம் ஒரே ஒரு பாகை சரிந்தால் ஓரத்துக்கு ஓரம் ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர் வித்தியாசம். அது சின்னத் தொகையாகத் தோன்றலாம். ஆனால் போல்ட்டை இறுக்கும்போது முகம் முழுவதும் படியாமல் ஓர் ஓரம் மட்டும் பிரேமைக் கடிக்கிறது. போல்ட் நேராக நீளாமல் வளைகிறது. கடித்த ஓரத்தில் பெயின்ற் நசிந்து, ஓடும்போது இன்னும் நசிந்து, இறுக்கம் போகிறது. “நல்லா முறுக்கித்தானே விட்டது, எப்பிடித் தளர்ந்தது?” என்ற கேள்விக்குப் பதில் அதுதான். அதனால்தான் லேத்தில் வைத்துச் செய்யவேண்டும் என்கிறேன். றொட்டைச் சக்கில் பிடித்து, முதல் முகத்தைச் சீவி, அதே பிடியில் துளையையும் போட்டு, பிறகு அறுத்தெடுத்து, மறுபக்கம் திருப்பிப் பிடித்து அடுத்த முகத்தைச் சீவ வேண்டும். முதல் முகமும் துளையும் ஒரே பிடியில் முடிந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். திருப்பிப் பிடிக்கும்போது சக்கில் தட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தட்டலைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் பட்டறைகளிலேயே இருக்கிறார்கள். கடைசியில் ஓரங்களின் பிசிரை எடுத்துவிட்டு, ஒரே இடத்துக்கு வைக்கப்போகிற துண்டுகள் எல்லாவற்றையும் வேணியரில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப லேத்துக்கு.

இதற்கு மறுப்பாக அடிக்கடி வருவது வாசர் யோசனை. பத்து வாசரை அடுக்கினால் வேண்டிய நீளம் வந்துவிடுகிறது, கடைச்சல் கூலி மிச்சம் என்பது வாதம். வாசர் தகரத்தில் வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் உருண்டும் மறுபக்கம் பிசிராகவும் இருக்கும். ஒரு ஸ்பேசருக்கு இரண்டு முகம், பத்து வாசருக்கு இருபது முகம். ஒவ்வொரு முகமும் ஓட்டத்தில் மயிரிழையளவு படிந்தாலும் எல்லாம் சேர்ந்து போல்ட்டின் இறுக்கத்தைத் தின்றுவிடும். ஒரு வாசர், இரண்டு வாசர் என்றால் பாதகமில்லை. அதற்கு மேல் வைப்பதைத் தற்காலிக வேலையாகவே கொள்ள வேண்டும், தூரப் பயணத்துக்கு அது உதவாது.

போல்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஸ்பேசர் வைப்பவர்களில் பலர் பழைய போல்ட்டையே திரும்பப் பூட்டுகிறார்கள். ஸ்பேசர் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மரைக்குள் போகும் பகுதி குறைகிறது. மூன்று மரை பிடித்து நிற்கிற போல்ட், கையால் அசைத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். இரும்புக்குள் போனால் போல்ட்டின் விட்டமளவாவது, அலுமினியத்துக்குள் போனால் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். தலையில் எண்ணில்லாத மெல்லிரும்புப் போல்ட்டை இந்த இடத்துக்கு எடுக்கவே கூடாது. 8.8 என்று அடித்திருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 80 கிலோ இழுவை தாங்கும் என்பதற்கான அடையாளம். 6 மில்லிமீற்றர் போல்ட்டை 8 ஆக்கினால் வளைவைத் தாங்கும் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. பிரேமில் இடமிருந்தால் அதைச் செய்வதே புத்தி. 8 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீற்றர் அளவான இறுக்கம் போதும். சாவியில் பைப் செருகி முறுக்குவது பலமல்ல, சேதம். இன்னொன்று, ஜப்பானிய வண்டிகளில் 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு மரை இடைவெளி பெரும்பாலும் 1.25. கடையில் சும்மா கேட்டால் தருவது 1.5. இரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று சாவி போட்டு ஏற்றினால் பிரேமின் மரை அழிந்துபோகும்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, பிரேமிலேயே வெல்டிங் பிடித்துவிட்டால் ஆயுளுக்கும் கழராதே என்று கேட்பவர்கள் உண்டு. இது பலமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. வெல்டிங் சரியாகப் பிடித்தால் அந்த ஒட்டு முறிவது அரிது. ஆனால் முறிவது ஒட்டுக்குப் பக்கத்தில். சின்ன வண்டிகளின் பின்பிரேம் மெல்லிய சுவருள்ள குழாய். சூடு ஏறிய இடத்துக்கும் ஏறாத இடத்துக்கும் நடுவே ஒரு பலவீனக் கோடு விழுந்துவிடும், பிறகு ஆட்டமெல்லாம் அங்கேதான் குவியும். போல்ட் முறிந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடையில் இன்னொன்று வாங்கலாம். பிரேம் வெடித்தால் வண்டியை லொறியில்தான் ஏற்ற வேண்டும். விழுந்து எழும்பினாலும் அப்படித்தான். போல்ட்டில் பூட்டிய கரியரைக் கழற்றி நெளிவு எடுக்கலாம், ஒட்டிய கரியர் பிரேமையும் சேர்த்து வளைத்துவிடும். கழற்றிப் பூட்டக்கூடியதாக இருப்பதே இந்த வேலையின் பாதுகாப்பு.

உலோகம் எதுவென்று கேட்டால், குடாநாட்டில் அந்தக் கேள்விக்குக் கடல்தான் பதில் சொல்கிறது. மானிப்பாயிலிருந்து காரைநகர் றோட்டில் போனால் பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்றுப் படாத இரும்பு எங்களிடம் இல்லை. அலுமினிய ஸ்பேசர் பாரம் குறைந்தது, கடைவதற்கும் இலகு, பார்வைக்கும் மினுக்கம். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அதற்குள் விட்டு உப்பு ஈரமும் சேர்ந்தால், இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே அரிப்புத் தொடங்கி அலுமினியம் வெண்பொடியாகக் கரையும். துளைக்குள் அந்தப் பொடி இறுகி, போல்ட்டைக் கழற்றப் போனால் தலைதான் கையோடு வரும். மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிறவர்களின் கரியரைப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணி வடிந்து விழும் பக்கத்துத் துண்டு கறல் பிடித்து அரைவாசியாகியிருக்கும், மறுபக்கத்துத் துண்டு புதிது போல இருக்கும். ஒரே இரும்பு, ஒரே வயது. சாதாரண மெல்லிரும்பில் தடிப்பாகக் கடைந்து, வெளிப்புறத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்து, துளைக்குள்ளும் முகங்களிலும் கிறீஸ் பூசிப் பூட்டுவதே எங்கள் ஊருக்குச் சரி என்பது என் முடிவு. முகத்தில் பெயின்ற் அடிக்கக்கூடாது, அது நசிந்து இறுக்கத்தைக் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் ஸ்பேசர், போல்ட், வாசர் மூன்றையும் அதிலேயே எடுக்கட்டும். நைலோன் றொட்டில் கடைந்து தரச் சொல்பவர்களும் வருகிறார்கள். அது கறல் பிடிக்காது, உண்மை. ஆனால் தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல ஒடுங்கும். இன்று இறுக்கிய போல்ட் அடுத்த மாதம் சும்மா சுழலும்.

அப்படியென்றால் அதிர்வை எது வாங்கும், றப்பர் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வைக்கலாம், ஆனால் அதை எப்படி வைப்பதென்று வண்டியே காட்டித் தருகிறது. ஏதாவது ஒரு ஜப்பானிய வண்டியின் மட்காட்டையோ பக்க மூடியையோ கழற்றி, அதன் றப்பரைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே தொப்பி போல ஒரு பக்கம் விரிந்த சின்ன இரும்புப் புஷ் இருக்கும். போல்ட் இறுகுவது அந்தப் புஷ்ஷின் மேல்தான். றப்பர் தன் பாட்டில் அளவான நசிவோடு புஷ்ஷைச் சுற்றி இருக்கும். போல்ட் இறுக்கம் இரும்பில், அதிர்வு றப்பரில் என்று இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய ரியூப்பை வெட்டி ஸ்பேசருக்கும் பிரேமுக்கும் நடுவில் வைத்து இறுக்கினால் இரண்டு வேலையும் கெடும். அந்தப் புஷ்ஷைத் தொலைத்துவிட்டு றப்பரை மட்டும் பூட்டிய வண்டிகள் வேலைக்கு வரும்போது, முதலில் புஷ் கடைவதுதான் முறை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் இந்தச் சின்னத் துண்டுகளின் மதிப்பு ஊருக்கு விளங்கத் தொடங்கியது. புது வண்டி வரவில்லை, இருந்த வண்டியைத்தான் வைத்து ஓட்டவேண்டியிருந்தது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். ஒரு தரம் போனால் எல்லாச் சாமானையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற நிலையில் கரியர்கள் அளவுக்கு மேல் சுமந்தன. எந்தக் கரியர் தாங்கியது, எது முறிந்தது என்று அந்த மாதங்களில் கண்டது, மேலே சொன்ன எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது. முறிந்தவற்றில் பெரும்பாலானவை நீளமான பைப் துண்டில், பழைய போல்ட்டில் நின்றவை. இப்போது வண்டி மாதிரிக்கென்றே செய்த கரியர்கள் பெட்டியோடு கடைகளுக்கு வருகின்றன. அதனால் இந்த வேலை இனித் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அவை நல்லவைதான். ஆனால் அவை புது வண்டியின் அளவுக்குச் செய்தவை. ஒருமுறை விழுந்து நெளிந்த பிரேமுக்கோ, மாற்றிப் பூட்டிய சைலன்சருக்கோ அந்த அளவு பொருந்தாது. நாலு துளையில் மூன்று பொருந்தி நாலாவது 3 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். அதை இழுத்துப் பிடித்துப் பூட்டுவதா, ஒரு துண்டு கடைந்து வைப்பதா என்பதில்தான் அந்தக் கரியரின் ஆயுள் இருக்கிறது.

ஒரு சின்னத் துண்டுக்கு இவ்வளவு கூலியா என்று முகம் சுளிப்பவர்களுக்கும், பக்கத்து ஊருக்குத்தானே போகிறேன் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றினால் மணித்தியாலத்துக்கு 3 இலட்சம். கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 24 இலட்சம். ஒவ்வொரு சுற்றும் ஒரு சின்ன ஆட்டம். உலோகம் களைத்து வெடிப்பது இந்த எண்ணிக்கையில்தான். பக்கத்து ஊருக்குத் தினமும் போய்வருகிறவருக்கும் அது சில மாதங்களில் சேர்ந்துவிடும்.

ஆகவே பெட்டி பூட்ட நினைப்பவர்களிடம் கேட்பது இதுதான். அளவை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு தனியே வராதீர்கள். வண்டியையும் கரியரையும், கொண்டுபோகப் போகிற சாமானோடு பெட்டியையும், பின்னால் இருக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். இரண்டு பேரும் ஏறி இருந்து ஷொக் அப்சோபர் அமர்ந்தபின் சில்லுக்கும் சைலன்சருக்கும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். பூட்டி முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை சாவி வைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்குவதோடு விட்டுவிடாமல், துண்டைக் கழற்றி எடுத்துவாருங்கள். அதன் முகத்தில் எந்த ஓரம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.